பன்மடிவெளிகளின் சிறப்பியல்பு வகுப்புகள்: கணக்குப் போடும் வரிசை

திசையன் கற்றை என்பது வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு திசையன் வெளியை இழையாக ஒட்டியது. அது எப்படி முறுக்கியிருக்கிறது என்பதை வெளியின் கோஹோமாலஜி வளையத்தில் (வெளியின் வடிவத்தைப் பதிக்கும், கூட்டவும் பெருக்கவும் கூடிய, ஒவ்வொன்றும் ஒரு படி கொண்ட உறுப்புகளின் தொகுப்பு) பதிவு செய்யும் உறுப்பே சிறப்பியல்பு வகுப்பு. இவற்றைக் கணக்கிடும்போது தவறு நேர்வது பெரும்பாலும் வரிசையில்தான். சூத்திரம் கையில் இருக்கிறது என்று நேரடியாக அதில் எண்களைப் போடத் தொடங்குகிறார்கள். எந்த வளையத்தில் பெருக்குகிறோம், தொடு கற்றை (ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள தொடு திசையன்களின் கற்றை) எதனோடு சமம் என்ற இரண்டையும் எழுதி வைக்காததால் பாதி வழியில் விடை கலைந்துவிடுகிறது. கீழே உள்ள வரிசையை அப்படியே பின்பற்றினால், பாடநூல் பயிற்சிகளில் வரும் பன்மடிவெளிகள் பெரும்பாலானவற்றுக்கு ஒரே பக்கத்தில் விடை வந்துவிடும்.

இங்கே பன்மடிவெளி என்றால் எப்போதும் மழமழப்பானது, கச்சிதமானது, விளிம்பு இல்லாதது.

1. கையில் இருக்க வேண்டியவை

முதலில் நான்கு வகை வகுப்புகளும் எங்கே வசிக்கின்றன என்பதைத் தாளின் மேல் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்டீஃபல்–விட்னி வகுப்பு விᵢ என்பதன் படி i. கெழுக்கள் 0, 1 மட்டுமே, அதாவது 2-இன் மட்டில். இது எந்த மெய்த் திசையன் கற்றைக்கும் உண்டு. செர்ன் வகுப்பு செᵢ என்பதன் படி 2i; கெழுக்கள் முழு எண்கள்; சிக்கலெண் கற்றைக்கு மட்டுமே உண்டு. பொன்ட்ரியாகின் வகுப்பு பொᵢ என்பதன் படி 4i, கெழுக்கள் முழு எண்கள், மெய்க் கற்றைக்கானது. ஆய்லர் வகுப்பு ஆ என்பதன் படி கற்றையின் தரத்துக்கு, அதாவது இழையின் பரிமாணத்துக்குச் சமம். கற்றைக்குத் திசையமைவு இருந்தால்தான் முழு எண் கெழுக்களில் பேச முடியும்.

அடுத்து இரண்டு விதிகள். ஒன்று, இழுத்து வரும் விதி: கற்றையை ஒரு சார்பு வழியே பின்னிழுத்தால் வகுப்பும் அதே சார்பு வழியே பின்னிழுக்கப்படும். இரண்டு, விட்னி விதி: இரண்டு கற்றைகளின் நேர்க் கூட்டலுக்கு மொத்த வகுப்பு, அவற்றின் மொத்த வகுப்புகளின் பெருக்கல். மொத்த வகுப்பு என்பது 1 + வி₁ + வி₂ + … என்ற முழுக் கூட்டல். டிரிவியல் கற்றைக்கு (எங்கும் முறுக்கில்லாத கற்றை) இது 1.

இதோடு கோட்டுக் கற்றையின் (தரம் 1 உள்ள கற்றை) முதல் வகுப்பு தெரிந்தால் போதும். மீதி எல்லாம் பல்லுறுப்புக் கோவைப் பெருக்கல்.

2. கோஹோமாலஜி வளையத்தை முதலில் எழுதுங்கள்

பிறப்பாக்கி எது, அதன் படி என்ன, எந்த அடுக்கில் பூஜ்யமாகிறது என்ற மூன்றும் வேண்டும். இதை எழுதாமல் பெருக்கினால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

ந பரிமாண மெய் வீழ்ப்பு வெளி, மெவீ(ந): 2-இன் மட்டில் ஒரே பிறப்பாக்கி அ, படி 1, அ^(ந+1) = 0.

சிக்கலெண் பரிமாணம் ந உள்ள வீழ்ப்பு வெளி, சிவீ(ந): முழு எண்களில் ஒரே பிறப்பாக்கி க, படி 2, க^(ந+1) = 0. மெய்ப் பரிமாணம் 2ந என்பதை மறக்க வேண்டாம்.

சிவீ(1) × சிவீ(1): இரண்டு பிறப்பாக்கிகள் ப, ர; இரண்டும் படி 2; ப² = 0, ர² = 0, ஆனால் பர பூஜ்யமல்ல. பெருக்கல் வெளிகளுக்கு கியூனத் தேற்றம் இந்த வளையத்தைத் தருகிறது.

சிவீ(3)-க்குள் கிடக்கும் ஒரு பரப்புக்கு முழு வளையமும் தேவையில்லை. க-வை அந்தப் பரப்புக்குச் சுருக்கி எடுத்துக்கொண்டால் போதும். பரப்பின் பல்லுறுப்புக் கோவைப் படி ம என்றால், க²-ஐ பரப்பின் அடிப்படை வகுப்பில், அதாவது பரப்பு முழுவதும், மதிப்பிட்டால் கிடைப்பது ம, 1 அல்ல. ஒரு கோடு அந்தப் பரப்பை ம புள்ளிகளில் வெட்டுகிறது என்பதே காரணம். இந்த ம-ஆல் பெருக்க மறப்பது மிகப் பரவலான பிழை.

3. தொடு கற்றைக்கு ஒரு சமன்பாடு

முழு வேலையின் கனமான பகுதி இதுதான். இதற்கு நேரம் கொடுங்கள்.

வீழ்ப்பு வெளியின் ஒவ்வொரு புள்ளியும் மூலத்தின் வழியே செல்லும் ஒரு கோடு. அந்தக் கோட்டையே இழையாக வைத்தால் கிடைப்பது டாட்டலாஜிக்கல் கோட்டுக் கற்றை. அதைக் கோ என்போம். கோட்டைச் சற்றே அசைப்பது என்றால், கோட்டின் ஒவ்வொரு திசையனுக்கும் கோட்டுக்குச் செங்குத்தான ஒரு சிறு நகர்வைக் கொடுப்பது. ஆகவே தொடு திசையன் என்பது கோ-விலிருந்து அதன் செங்குத்து நிரப்பிக்குச் செல்லும் ஒரு நேரியல் கோப்பு (நேரியல் சார்பு).

அதோடு கோ-விலிருந்து கோ-வுக்கே செல்லும் கோப்புகளின் கற்றையைக் கூட்டுங்கள். அந்தக் கற்றை டிரிவியல், ஏனெனில் முற்றொருமைக் கோப்பு எங்கும் பூஜ்யமாகாத வெட்டாக (ஒவ்வொரு இழையிலும் ஓர் உறுப்பைத் தேர்ந்தெடுப்பது) அதில் இருக்கிறது. கூட்டிய பிறகு கிடைப்பது கோ-விலிருந்து ந+1 பரிமாண டிரிவியல் கற்றைக்குச் செல்லும் கோப்புகள். அதாவது கோ-வின் இருமைக் கற்றை கோ* என்பதன் ந+1 பிரதிகள்.

தொடு கற்றை ⊕ டிரிவியல் கோடு = கோ* ⊕ கோ* ⊕ … (ந+1 முறை)

மெய் வெளியில் கோ-வும் கோ*-வும் ஒன்றே. உள்பெருக்கல் இரண்டையும் இணைத்துவிடுகிறது. சிக்கலெண் வெளியில் இரண்டும் வேறு. கோ-வின் முதல் செர்ன் வகுப்பு −க. கோ*-வின் முதல் செர்ன் வகுப்பு +க. இங்கே குறி மாறினால் பிறகு பிடிப்பது கடினம். சிவீ(2)-இல் தவறான குறியோடு போட்டாலும் செ₂ = 3க² என்றே வரும், ஆய்லர் எண் (உச்சிச் செர்ன் வகுப்பின் மதிப்பு) சரியாகவே தெரியும். அதனால் குறியைச் சோதிக்க சிவீ(1)-ஐ எடுங்கள்: சரியான குறி 2 தரும், தவறான குறி −2 தரும். கோளத்தின் ஆய்லர் எண் 2.

உள்வெளிகளுக்கு வேறொரு சமன்பாடு: பெரிய வெளியின் தொடு கற்றையை உள்வெளிக்குச் சுருக்கினால், அது உள்வெளியின் தொடு கற்றையும் செங்குத்துக் கற்றையும் கூடியது. வீழ்ப்பு வெளிக்குள் படி ம உள்ள மீமேற்பரப்புக்குச் செங்குத்துக் கற்றை, கோ*-வின் ம-ஆவது டென்சர் அடுக்கு. ஏனெனில் படி ம உள்ள பல்லுறுப்புக் கோவை அந்தக் கற்றையின் ஒரு வெட்டு. பரப்பு அதன் பூஜ்யங்கள். ஆக அதன் மொத்தச் செர்ன் வகுப்பு 1 + மக.

4. மெய் வீழ்ப்பு வெளி: விரித்து வெட்டுதல்

சமன்பாடு இருப்பதால் மொத்த ஸ்டீஃபல்–விட்னி வகுப்பு (1 + அ)^(ந+1). டிரிவியல் கோடு 1-ஐத் தருவதால் அது தடயமில்லாமல் போகிறது.

ஈருறுப்புக் கெழுக்களை ஒவ்வொன்றாக எழுதி ஒற்றையா இரட்டையா என்று பார்க்க வேண்டாம். அடுக்கை 2-இன் அடுக்குகளாக உடையுங்கள். 2-இன் மட்டில் (1 + அ)² = 1 + அ², (1 + அ)⁴ = 1 + அ⁴, (1 + அ)⁸ = 1 + அ⁸.

மெவீ(5): 6 = 4 + 2. ஆகவே (1 + அ²)(1 + அ⁴) = 1 + அ² + அ⁴ + அ⁶. ஆனால் அ⁶ = 0. விடை 1 + அ² + அ⁴. வி₁ = 0 என்பதால் திசையமைவு உண்டு; வி₂ பூஜ்யமல்ல என்பதால் ஸ்பின் அமைப்பு (திசையமைவைவிட நுண்மையான ஓர் அமைப்பு; வி₁, வி₂ இரண்டும் பூஜ்யமானால்தான் உண்டு) இல்லை.

மெவீ(4): 5 = 4 + 1. (1 + அ)(1 + அ⁴) = 1 + அ + அ⁴ + அ⁵, கடைசி உறுப்பு பூஜ்யம். விடை 1 + அ + அ⁴.

மெவீ(4)-ஐ எத்தனை பரிமாண யூக்ளிட் வெளியில் அமிழ்வாக (தன்னையே வெட்டலாம், ஆனால் எங்கும் மடியாமல்) வைக்கலாம் என்று கேட்டால் நேர்மாறு வகுப்பு வேண்டும், ஏனெனில் தொடு கற்றையும் செங்குத்துக் கற்றையும் கூடினால் டிரிவியல். வகுத்தல் போட வேண்டியதில்லை: அ⁸ = 0 என்பதால் (1 + அ)⁸ = 1; ஆகவே (1 + அ)⁵-இன் நேர்மாறு (1 + அ)³ = 1 + அ + அ² + அ³. படி 3-இல் பூஜ்யமல்லாத உறுப்பு இருப்பதால் செங்குத்துக் கற்றையின் தரம் குறைந்தது 3. எனவே 6 பரிமாண வெளியில் அமிழ்வு இயலாது, 7 வேண்டும். ந பரிமாண வெளியை 2ந − 1 பரிமாணத்தில் அமிழ்த்தலாம் என்ற விட்னி தேற்றத்தின்படி 7 போதும்.

5. மீமேற்பரப்பு: கே3 பரப்பை முழுதாகப் போட்டுப் பார்ப்பது

சிவீ(3)-க்குள் படி 4 உள்ள மழமழப்பான பரப்பை எடுப்போம்; இது கே3 எனப்படும் பரப்புகளில் ஒன்று. மீமேற்பரப்புக் கணக்கில் வரும் எல்லாப் பொறிகளும் இதில் இருக்கின்றன.

உள்வெளிச் சமன்பாட்டின்படி மொத்தச் செர்ன் வகுப்பு, (1 + க)⁴-ஐ (1 + 4க)-ஆல் வகுத்தது.

பரப்பின் சிக்கலெண் பரிமாணம் 2. எனவே பரப்பின் மேல் க³ = 0. சிவீ(3)-இல் க³ பூஜ்யமல்லவே என்று பலர் அதை வைத்துக்கொள்கிறார்கள். நாம் வேலை செய்வது பரப்பின் வளையத்தில். அங்கே படி 6-இல் எதுவும் இல்லை.

தொகுதி: 1 + 4க + 6க².

பகுதியின் நேர்மாறு: 1 − 4க + 16க². இது பெருக்குத் தொடர், க³-இல் நின்றுவிடுகிறது.

பெருக்கினால் க-வின் கெழு 4 − 4 = 0; க²-இன் கெழு 6 − 16 + 16 = 6. எனவே செ₁ = 0, செ₂ = 6க².

இப்போது மதிப்பிடல்: பரப்பின் மேல் க²-இன் மதிப்பு 4. எனவே செ₂-இன் மதிப்பு 6 × 4 = 24. இதுவே ஆய்லர் எண்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வகுக்க மறந்து (1 + க)⁴ என்று மட்டும் வைத்தாலும் செ₂ = 6க² என்றே வரும்; ஆய்லர் எண்ணும் 24 என்றே வரும். தவறு செ₁-இல் மட்டும் தெரியும்: 0-க்குப் பதில் 4க. ஆய்லர் எண் சரியாக வந்துவிட்டது என்று நிம்மதியடையாமல் எல்லா வகுப்புகளையும் சோதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. நோதர் சூத்திரம் இதை உடனே பிடித்துவிடும்: சிக்கலெண் பரப்புக்கு செ₁² + செ₂ என்பதன் மதிப்பு 12-ஆல் வகுபட வேண்டும். சரியான விடையில் 0 + 24 = 24, வகுபடுகிறது. தவறான விடையில் 16 × 4 + 24 = 88, வகுபடாது.

பழகுவதற்கு இரண்டு. படி 3 பரப்பு: (1 + க)⁴-ஐ (1 + 3க)-ஆல் வகுத்தால் செ₁ = க, செ₂ = 3க²; க²-இன் மதிப்பு 3 என்பதால் ஆய்லர் எண் 9. சிவீ(4)-இல் படி 5 உள்ள மும்மடிவெளி: செ₁ = 0, செ₂ = 10க², செ₃ = −40க³; க³-இன் மதிப்பு 5 என்பதால் ஆய்லர் எண் −200. கடைசிக் கெழுவைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள்: 10 − 50 + 125 − 125.

பெருக்கல் வெளிக்குள் இருக்கும் வளைவுகளுக்கும் இதே வழி. சிவீ(1) × சிவீ(1)-இல் படி இணை (2, 3) உள்ள மழமழப்பான வளைவுக்கு (1 + 2ப)(1 + 2ர)-ஐ (1 + 2ப + 3ர)-ஆல் வகுக்க, செ₁ = −ர. அதை வளைவின் வகுப்பு 2ப + 3ர-ஆல் பெருக்கினால் −2பர. ஆய்லர் எண் −2, ஆகவே இரண்டு துளைகள்.

6. பொன்ட்ரியாகின் வகுப்பும் சிக்னேச்சரும்

சிக்கலெண் அமைப்பு உள்ள தொடு கற்றைக்கு, அதன் மொத்தச் செர்ன் வகுப்பையும் இணையிய கற்றையின் மொத்தச் செர்ன் வகுப்பையும் பெருக்கினால் 1 − பொ₁ + பொ₂ − … கிடைக்கிறது. குறிகள் மாறி மாறி வருவதைக் கவனியுங்கள். இதிலிருந்து பொ₁ = செ₁² − 2செ₂.

சிவீ(ந)-க்கு (1 + க)^(ந+1) × (1 − க)^(ந+1) = (1 − க²)^(ந+1). குறிகளைச் சரிசெய்தால் மொத்தப் பொன்ட்ரியாகின் வகுப்பு (1 + க²)^(ந+1).

மெய்ப் பரிமாணம் 4 உள்ள, திசையமைவுள்ள வெளியில் சிக்னேச்சர் (நடுப் படி கோஹோமாலஜியின் பெருக்கல் வடிவத்தில் நேர்க்குறிகளின் எண்ணிக்கையிலிருந்து எதிர்க்குறிகளின் எண்ணிக்கையைக் கழித்தது) என்பது பொ₁-இன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு. சிவீ(2): பொ₁ = 3க², சிக்னேச்சர் 1. கே3: பொ₁-இன் மதிப்பு 0 − 48 = −48, சிக்னேச்சர் −16. படி 3 பரப்பு: 3 − 18 = −15, சிக்னேச்சர் −5.

பரிமாணம் 8-இல் சூத்திரம் (7பொ₂ − பொ₁²)/45. சிவீ(4)-க்கு பொ₁ = 5க², பொ₂ = 10க⁴; (70 − 25)/45 = 1. பின்னம் வந்தால் எங்கோ தவறு. சிக்னேச்சர் எப்போதும் முழு எண்.

பொன்ட்ரியாகின் வகுப்புக்கு விட்னி விதி முழுமையாகப் பொருந்தாது. இருமடங்கானால் பூஜ்யமாகும் உறுப்புகள் விட்டுப்போகலாம். முழு எண் கோஹோமாலஜியில் அப்படிப்பட்ட உறுப்புகள் இல்லாத வெளிகளில் கவலை இல்லை. மற்ற இடங்களில் விகிதமுறு கெழுக்களுக்கு மாறிக் கணக்கிடுவது பாதுகாப்பானது.

7. சமன்பாடு கிடைக்காதபோது: வூ சூத்திரம்

தொடு கற்றையை உடைக்க வழியில்லை, ஆனால் 2-இன் மட்டில் வளையமும் ஸ்டீன்ராட் வர்க்கங்களும் தெரியும் என்றால் ஸ்டீஃபல்–விட்னி வகுப்பைப் பெற முடியும். i-ஆவது ஸ்டீன்ராட் வர்க்கத்தை (உறுப்பின் படியை i கூட்டும் ஒரு செயல்) ஸ்குⁱ என்று எழுதுவோம்.

முதல் கட்டம், வூ வகுப்பு வூᵢ. படி ந − i உள்ள ஒவ்வொரு உறுப்புக்கும், ஸ்குⁱ தரும் விடையும் வூᵢ-ஆல் பெருக்கிய விடையும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த நிபந்தனை வூᵢ-ஐத் தீர்மானித்துவிடுகிறது. i என்பது ந-இன் பாதிக்கு மேல் போனால் வூᵢ = 0, ஏனெனில் உறுப்பின் படியைவிட i பெரிதானால் ஸ்குⁱ பூஜ்யம்.

இரண்டாம் கட்டம், மொத்த ஸ்குவை (1 + ஸ்கு¹ + ஸ்கு² + …) மொத்த வூ வகுப்பின் மேல் செலுத்துங்கள். விடை மொத்த ஸ்டீஃபல்–விட்னி வகுப்பு.

மெவீ(4)-இல் பார்ப்போம். ஸ்கு¹ அ³ = 3அ⁴ = அ⁴, எனவே வூ₁ = அ. ஸ்கு² அ² = அ⁴, எனவே வூ₂ = அ². மொத்த வூ வகுப்பு 1 + அ + அ². மொத்த ஸ்கு இதன் மேல்: 1-க்கு 1, அ-வுக்கு அ + அ², அ²-க்கு அ² + அ⁴. கூட்டினால் அ² இரண்டும் நீங்கி 1 + அ + அ⁴. பகுதி 4-இல் வந்த அதே விடை.

புதிதாகச் செய்பவர்கள் வூ வகுப்பையே விடை என்று எழுதிவிட்டு நின்றுவிடுகிறார்கள். வூ₂ = அ², ஆனால் வி₂ = 0. இரண்டாம் கட்டத்தை விட்டால் விடை வேறாகிவிடும்.

திசையமைவுள்ள 3 பரிமாண வெளிகளுக்கு இந்த வழி ஒரே வரியில் முடிகிறது: வூ₁ = வி₁ = 0; 2 என்பது 3-இன் பாதிக்கு மேல், எனவே வூ₂ = 0. மொத்த வகுப்பு 1.

8. சரிபார்ப்பு

இவற்றில் பொருந்துபவை எல்லாவற்றையும் பாருங்கள். ஒன்று மட்டும் போதாது என்பதை கே3 காட்டிவிட்டது.

உச்சிச் செர்ன் வகுப்பின் மதிப்பு ஆய்லர் எண். உச்சி ஸ்டீஃபல்–விட்னி வகுப்பு ஆய்லர் எண் ஒற்றையா இரட்டையா என்று சொல்லும்: மெவீ(4)-க்கு வி₄ = அ⁴, ஆய்லர் எண் 1; பொருந்துகிறது. செᵢ-ஐ 2-இன் மட்டில் எடுத்தால் வி₂ᵢ வர வேண்டும். பொᵢ-ஐ 2-இன் மட்டில் எடுத்தால் வி₂ᵢ-இன் வர்க்கம் வர வேண்டும். 4 பரிமாணத்தில் ஸ்பின் அமைப்பு இருந்தால் ரோக்லின் தேற்றப்படி சிக்னேச்சர் 16-ஆல் வகுபட வேண்டும்; கே3-இல் செ₁ = 0, ஆகவே வி₂ = 0, சிக்னேச்சர் −16.

9. விடையிலிருந்து முடிவுக்கு வரும்போது

கணக்கைச் சரியாக முடித்தவர்களும் வழுக்கும் இடம் இது.

டிரிவியல் கோட்டைக் கூட்டிய சமன்பாடு ஆய்லர் வகுப்பைத் தராது. 2 பரிமாணக் கோளத்தின் தொடு கற்றையோடு ஒரு டிரிவியல் கோட்டைக் கூட்டினால் முழுவதும் டிரிவியல். ஸ்டீஃபல்–விட்னி வகுப்பு 1. ஆனாலும் ஆய்லர் எண் 2. மற்ற வகுப்புகள் டிரிவியல் கற்றையைக் கூட்டினால் மாறாதவை. ஆய்லர் வகுப்பு அப்போது பூஜ்யமாகிவிடுகிறது. அதைத் தனியாகத்தான் கணக்கிட வேண்டும்.

வகுப்புகள் எல்லாம் பூஜ்யம் என்பதால் கற்றை டிரிவியல் என்று எழுதிவிடாதீர்கள். 5 பரிமாணக் கோளத்தின் தொடு கற்றைக்கு இங்கே பார்த்த எல்லா வகுப்புகளும் பூஜ்யம். ஆனால் தொடு கற்றை டிரிவியலாக இருக்கும் கோளங்கள், புள்ளிகளாலான 0 பரிமாணத்தை விட்டால், 1, 3, 7 பரிமாணங்களில் மட்டுமே. மெவீ(15)-உம் அப்படியே: 16 என்பது 2-இன் அடுக்கு, எனவே மொத்த ஸ்டீஃபல்–விட்னி வகுப்பு 1, தொடு கற்றை டிரிவியல் அல்ல. பூஜ்யமல்லாத வகுப்பு தடையை நிறுவுகிறது. பூஜ்ய வகுப்பு இந்தச் சோதனையில் தடை தென்படவில்லை என்று மட்டுமே சொல்கிறது.

திசையமைவைத் திருப்பினால் பொ₁ என்ற வகுப்பு மாறாது. அதை மதிப்பிடும் அடிப்படை வகுப்பு குறி மாறும், சிக்னேச்சரும் குறி மாறும். எனவே சிவீ(2)-இன் சிக்னேச்சர் 1 என்று எழுதும்போது, சிக்கலெண் அமைப்பு தரும் திசையமைவைத்தான் எடுத்திருக்கிறோம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.